எழுத்துப் பொறியின் முன் அமர்ந்திருப்போர்

மொரப்பூர் இரயில் நிலையத்தில் முன்னாளில் பயணச்சீட்டு வாங்கியவர்களுக்கு ஓர் ஒலி இன்றும் நினைவிருக்கும். சன்னலுக்கு உள்ளே அமர்ந்திருக்கும் எழுத்தர், மரப்பெட்டியின் அறைகளுள் ஒன்றிலிருந்து தடித்த அட்டைத் துண்டு ஒன்றை உருவி, மேசைமீதுள்ள சிறிய இரும்புப் பொறியின் வாயில் நுழைத்து 'டக்' என ஒரு தட்டுத் தட்டுவார். அன்றைய தேதி அட்டையின் ஓரத்தில் அழுந்திப் பதிந்துவிடும். அதன்பின்னரே சீட்டு நம் கைக்கு வரும். அந்தப் பொறியையும் வரிசை எண் இட்ட அந்த அட்டைச் சீட்டையும் 1830-களில் ஆக்கித் தந்தவர், இங்கிலாந்தில் சிறியதொரு நிலையத்தில் பணிபுரிந்த தாமஸ் எட்மண்ட்சன் என்பவர். ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதித் தருவதில் காலம் வீணாவதையும், வாங்கிய பணத்திற்குக் கணக்குக் காட்ட வழியில்லாதிருப்பதையும் கண்டு அவர் இதனைச் செய்தார். இன்று அட்டையும் இல்லை, அந்த ஒலியும் இல்லை. கணினி கக்கும் மெல்லிய தாளே சீட்டாகிவிட்டது.

சோலையார்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடைப்பட்ட இந்த ஊர், இருப்புப் பாதையினால் பெயர் பெற்ற ஊராகும். 1906-இல் இங்கிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை ஒன்று போடப்பட்டு, 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. 1941-இல் போர்க்காலத்தில் அது கைவிடப்பட்டது. ஆயினும் சென்னைக்குச் செல்லும் வண்டியைப் பிடிக்கத் தருமபுரியிலிருந்தும் அரூரிலிருந்தும் மக்கள் இன்றளவும் மொரப்பூருக்கே வருகின்றனர். அவ்வாறு வருவோருள் ஒரு பகுதியினர் கையில் ஒரு கோப்புறை இருப்பதை நாம் கவனித்திருக்கிறோம். நேர்முகத் தேர்வுக்கோ, கல்லூரிச் சேர்க்கைக்கோ, வேலை வாய்ப்புக்கோ சான்றிதழ்களைச் சுமந்து செல்லும் இளைஞர்கள் அவர்கள். கோப்புறையில் உள்ள ஒவ்வொரு தாளும் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு பொறியின் முன் அமர்ந்திருந்த ஒருவரின் விரல்களைக் கடந்து வந்ததாகும்.

அப்பொறியின் முன் அமர்ந்திருப்பவரைப் பற்றி நம் குடும்பங்களில் பெரிய மதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த மகளைத் தட்டச்சு வகுப்புக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் ஆலோசிக்கும்போது, "பொத்தானை அழுத்துவதும் ஒரு வேலையா?" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டுவிடுகிறார். நகல் எடுக்கும் கடையில் நிற்கும் பையனைக் குறித்தும் இதே பேச்சுத்தான். அந்த வினாவுக்கு விடை காண்பதற்கு, அவர்கள் நாள் முழுவதும் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை அருகிருந்து பார்க்க வேண்டும்.

முதலில் தட்டச்சு. ஆங்கிலத் தட்டச்சுப் பொறி அமெரிக்காவில் 1870-களில் விற்பனைக்கு வந்தது. இருபத்தாறு எழுத்துக்களை உடைய மொழிக்கு அது எளிது. நம் தமிழுக்கோ உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துக்கள். ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் இவற்றை அடக்குவது எப்படி? இந்தப் புதிரை விடுவித்தவர் 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, இளமையில் மலாயாவுக்குச் சென்று வணிக நிறுவனத்தில் அலுவல் பார்த்த ஆர். முத்தையா ஆவார். அவர் கண்ட வழி எளியது, ஆயினும் ஆழ்ந்த சிந்தனையில் பிறந்தது. சாதாரணமாக ஒரு விசையைத் தட்டினால் தாள் ஓர் எழுத்தளவு நகரும். புள்ளிக்கும், இகர, ஈகாரக் குறிகளுக்கும் உரிய விசைகளைத் தட்டினால் தாள் நகராமல் நிற்குமாறு அவர் அமைத்தார். முதலில் புள்ளி விழும், தாள் அசையாது, அடுத்துக் ககரத்தைத் தட்டினால் அதே இடத்தில் 'க்' உருவாகிவிடும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னரே வருவன ஆதலால் அவற்றுக்குத் தனி விசை போதும். 'கு', 'மு', 'டு' போன்றவற்றுக்கு வேறு வழியின்றித் தனி இடம் தரப்பட்டது.

ஆகவே தமிழ் தட்டச்சு செய்பவர், நாம் எழுதும் ஒழுங்கில் எழுதுவதில்லை. மனம் 'மெய்' என்று சொல்லும்போது விரல் கொம்பை முதலில் தேடுகிறது, பிறகு மகரம், பிறகு புள்ளி, அதன் பின்னர் யகரம். கேட்கும் சொல்லைக் கணத்தில் பிரித்து வேறு ஒழுங்கில் அடுக்கும் இந்த வேலையைக் கண் தாளிலும் விரல் விசையிலும் இருக்கச் செய்ய வேண்டும். விசைப்பலகையைக் குனிந்து பார்த்தால் பயிலக ஆசிரியர் கையில் உள்ள அளவுகோல் பேசும். குறைந்தபட்சம் முன்னாளில் பேசியது!

சிற்றூர்ப் பயிலகங்களில் விடியற்காலை ஆறு மணிக்கே வகுப்புத் தொடங்கிவிடும். ஆங்கிலத்திற்கு 'ஏ, எஸ், டி, எஃப்' என்றும், தமிழுக்கு 'ய, ள, ன, க' என்றும் நடு வரிசையிலிருந்தே பாடம் ஆரம்பமாகும். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பொறிகள் ஒருங்கே ஒலிப்பது, தகரக் கூரைமேல் மழை பெய்வது போலிருக்கும். தமிழ்நாட்டில் இத்தேர்வுகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இளநிலைக்கு நிமிடத்துக்கு முப்பது சொற்கள், முதுநிலைக்கு நாற்பத்தைந்து. ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டுகள் என்று கணக்கு. இளநிலைத் தேர்வில் பத்து நிமிடங்களில் 1,500 முறை விரல்கள் விசையில் பட வேண்டும். சிறு பிழைக்கும் மதிப்பெண் குறையும். இத்துடன், கடிதமும் பட்டியலும் தாளில் ஒழுங்காக அமைய வேண்டிய தேர்வும் உண்டு. கோடு போட்ட பட்டியலில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும்படி, தாளின் அகலத்தை எண்ணி, வகுத்து, இடைவெளி கணக்கிட்டு அமைப்பதற்கு வேகத்தைவிடப் பொறுமையே மிகுதியாகத் தேவை.

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பின்னர், வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், பள்ளி ஆகிய எல்லா இடங்களிலும் தமிழ்த் தட்டச்சருக்குத் தேவை ஏற்பட்டது. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, 'லை', 'னை' போன்றவற்றில் யானைத் துதிக்கை போல் வளைந்திருந்த பழைய வடிவங்களையும், 'னா', 'றா' ஆகியவற்றின் சுழிந்த வடிவங்களையும் நீக்கியபோது, ஈய அச்சுக் கோப்போருடன் தட்டச்சரும் ஆறுதல் அடைந்தனர். தனியாகக் கற்க வேண்டியவை சில குறைந்தன அல்லவா?

இனி, படி பெருக்கும் பொறிக்கு வருவோம். நம் பங்கு அலுவலகங்களில் நாற்பதைக் கடந்தோர் பலரும் அறிந்த பொறி இது. சைக்ளோஸ்டைல் என்றும், ரோனியோ என்றும், கெஸ்டெட்னர் என்றும் அழைத்தோம். அங்கேரியில் பிறந்து இலண்டனில் குடியேறிய டேவிட் கெஸ்டெட்னர் இதற்கு வழிவகுத்தவர். மெழுகு பூசிய மெல்லிய ஸ்டென்சில் தாளில், நாடாவை விலக்கிவிட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு அறுபடும். பின் அந்தத் தாளை மை நிறைந்த உருளையில் போர்த்திக் கைப்பிடியைச் சுற்றினால், அறுபட்ட வழியாக மை கசிந்து தாளில் படியும். ஞாயிறு அறிவிப்பு, திருவிழா நிகழ்ச்சி நிரல், கிறிஸ்து பிறப்புப் பாடல் தாள், தவக்கால வழிபாடு என எத்தனை எத்தனை தாள்கள் அந்த உருளையிலிருந்து வந்தன!

அதனை இயக்கியவரின் கை நுட்பம் நமக்கு அப்போது தெரியவில்லை. மென்மையாகத் தட்டினால் மெழுகு அறுபடாது. வன்மையாகத் தட்டினால் ஆங்கில 'ஓ' எழுத்தின் நடு வட்டம் அப்படியே பிய்ந்து விழுந்து, தாளில் கரும்புள்ளியாக நிற்கும். பிழை நேர்ந்தால் சிவப்புத் திரவத்தைத் தூரிகையால் தடவி, ஊதி உலர்த்தி, அதே இடத்தில் மறுபடியும் தட்ட வேண்டும். மை மிகுந்தால் ஈரம் பின்புறம் ஒட்டும். குறைந்தால் பாதிப் பக்கம் வெளிறும். ஆதலால் முதல் சில தாள்களை எடுத்துப் பார்த்துக் கழித்துவிட்டு, பிறகே எண்ணத் தொடங்குவார்கள். கை முழுவதும் கறுப்பாக இருக்கும். திருவிழாவுக்கு முந்திய இரவில் கோவிலில் எல்லாரும் தோரணம் கட்டிக்கொண்டிருக்க, அலுவலக அறையில் ஒருவர் மட்டும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருப்பார். மறுநாள் பாடல் தாளைக் கையில் ஏந்தியவர்களுள் எத்தனைப் பேர் அவரை எண்ணினர் என்பது ஐயமே.

அதன் பின் வந்தது உலர் நகல் பொறி. இன்று மொரப்பூர் போன்ற ஊர்களில் பேருந்து நிற்குமிடம், பள்ளி வாயில் எங்கும் 'ஜெராக்ஸ்' என்னும் பலகையைப் பார்க்கிறோம். ஒரு நிறுவனத்தின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. உலர்ந்த எழுத்து எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது அது. இதனைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனின் வரலாறு நமக்கு அயலாகத் தோன்றவில்லை. வறுமையும் பெற்றோரின் நோயும் சூழ்ந்த இளமை அவருடையது. நியூயார்க்கில் காப்புரிமைப் பிரிவு ஒன்றில் ஆவணங்களைக் கையால் படியெடுத்துக் கை வலியும் கண் வலியும் கண்டவர். இதற்கு வேறு வழியில்லையா என்று தேடி, 1938 அக்டோபர் 22 அன்று ஒரு சிறிய அறையில், அந்தத் தேதியையும் அந்த இடத்தின் பெயரையுமே முதல் நகலாக எடுத்தார். பெரிய நிறுவனங்கள் பல அவரைத் திருப்பி அனுப்பின. சிறப்பாக விற்பனையான முதல் பொறி 1959-இல்தான் வெளிவந்தது. கிட்டிய செல்வத்தின் பெரும்பகுதியை அறப்பணிகளுக்கு வழங்கிவிட்டு 1968-இல் அவர் மறைந்தார். அலுவலகத்தில் படியெடுத்துச் சலித்த ஒருவரே படியெடுக்கும் பொறியைத் தந்தார் என்பது எண்ணத்தக்கது.

பொறியின் உள்ளே நிகழ்வது இதுதான். இருளில் ஓர் உருளைக்கு மின்னேற்றம் தரப்படுகிறது. நாம் கண்ணாடிமேல் கவிழ்த்த தாளின் வெண்மையான இடங்களிலிருந்து ஒளி பட்டெதிர்ந்து உருளையில் விழ, அந்த இடங்களில் மின்னேற்றம் அகன்றுவிடுகிறது. எழுத்திருந்த இடங்களில் மட்டும் அது தங்குகிறது. அங்கே கருந்தூள் ஒட்டிக்கொண்டு தாளுக்கு மாறுகிறது. இறுதியில் ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் அழுத்தப்பட்டுத் தூள் உருகிப் படிகிறது. கடையில் தரும் நகல் இளஞ்சூடாக இருப்பதன் காரணம் இதுவே. மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்திருந்தால் உள்ளே சுருண்டு சிக்கும். அனுபவமுள்ளவர் கட்டைப் பிரித்து விசிறி, ஓரம் தட்டிச் சீராக்கிய பின்னரே தட்டில் வைப்பார். சிக்கிய தாளைச் சினத்துடன் இழுப்பவரிடம் பொறி நெடுநாள் உழைப்பதில்லை. தூள் பறக்கும் சிறிய அறையில் காற்றோட்டம் இல்லையெனில் இருமலும் கண் எரிச்சலும் இயக்குபவருக்கே. கடை உரிமையாளர்கள் இதனைக் கவனித்தால் நன்று.

இவையெல்லாம் கைப்பணி. இதனினும் கடினமான கடமை ஒன்று உண்டு. நகல் எடுப்பவர் கண்முன் ஊராரின் அந்தரங்கம் எல்லாம் கடந்து செல்கிறது. உயில், மருத்துவ அறிக்கை, வழக்குத் தாள், வங்கிக் கணக்கு, பாகப் பிரிவினைப் பத்திரம் என யாவும் அவர் கையில் ஒரு நிமிடம் தங்குகின்றன. பள்ளிகளில் தேர்வுத் தாளும் அவ்வாறே. கண்டும் காணாதவராய் இருக்க வேண்டும். கெட்டுப்போன நகலைக் கிழித்தே எறிய வேண்டும். கடலை மடித்த தாளில் யாரோ ஒருவரின் ஆதார் எண்ணும் புகைப்படமும் இருக்கக் கண்டு நாம் திடுக்கிட்டதுண்டு. அதனைக் கொட்டியவருக்கு அது குப்பை. உரியவருக்கு அது ஆபத்து.

மறுப்பதும் அவருடைய கடமையே. ஒருவரின் முத்திரையை மற்றொரு தாளில் ஒட்டி நகலெடுத்துத் தரச் சொல்வோர் உண்டு. மதிப்பெண்ணின் மேல் வேறு எண்ணை ஒட்டிக்கொண்டு வருவோரும் உண்டு. "உனக்கென்ன, பொத்தானை அழுத்து" என்பதே அவர்கள் சொல்வது. ஆயினும் நகல் என்பது சட்டத்தின் கண்ணில் அற்பமானதன்று. மூலத்திலிருந்து துல்லியம் தவறாத பொறிமுறையால் எடுக்கப்பட்ட படியை 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இரண்டாம் நிலைச் சான்றாக ஏற்றது. 2024 சூலை முதல் அதனிடத்தில் வந்துள்ள புதிய சட்டமும் அவ்வாறே ஏற்கிறது. பொறி பொய் சொல்லாது என்னும் நம்பிக்கையின்மேல் அந்த விதி நிற்கிறது. பொறியின்முன் நிற்பவரும் பொய்க்குத் துணை போகாதிருந்தாலன்றி அந்நம்பிக்கைக்கு அடித்தளம் ஏது? தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்களில் நகல் பொறி இயக்குபவர் என்றே தனிப் பணியிடம் இருப்பதன் பொருள் இப்போது விளங்கும்.

பிழை ஒன்றின் விலை என்னவென்பதையும் கூறிவிடுகிறோம். 'சவேரியம்மாள்' என்னும் பெயர் நம் பங்குகளில் பழகிய பெயர். தட்டச்சில் இரட்டைக் கொம்பு ஒன்று விடுபட்டால் அது 'சவரியம்மாள்' ஆகிவிடும். இரண்டும் ஒருவரே என்று நமக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. நம் உறவினர் இல்லத்திலேயே இத்தகைய ஒன்று நேர்ந்தது. கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கோரிய கைம்பெண் ஒருவரின் பெயர், பணிப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தது. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. அலுவலகத்தார் ஏற்கவில்லை. அவர்களையும் முற்றிலும் குறை கூற இயலாது. கையெழுத்திட்டால் பொறுப்பு அவர்களுடையது. அந்த அம்மையார் பேருந்தேறி ஏழு முறை சென்று வந்தார். நோட்டரியிடம் உறுதிமொழித் தாள் எழுதி வாங்கினார். கடைசியில் பங்குத் தந்தை, அறுபது ஆண்டுகளுக்கு முந்திய திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டி, கையால் எழுதப்பட்டிருந்த பெயரைப் பார்த்துச் சான்று வழங்கினார். எட்டு மாதங்களுக்குப் பின்னரே பணம் வந்தது. அந்த எட்டு மாதங்களில் அடகுக்குச் சென்ற தாலிக் குண்டு இரண்டும் மீளவில்லை.

அந்தப் பதிவேட்டைத் தட்டச்சு செய்தவர் யாரோ! மாலை ஐந்து மணிக்குக் களைத்த கண்களுடன் கடைசிப் பக்கத்தை முடித்தவராக இருக்கலாம். ஒப்பு நோக்குதல் என்று அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் தட்டச்சுப் படியில் விரல் வைத்துத் தொடர்வார். அன்று அது நடைபெறவில்லை போலும். இன்று கணினியில் அந்த வழக்கம் மேலும் அருகி வருகிறது. திரையில் அழகாகத் தோன்றும் எழுத்து சரியாகவும் இருக்கும் என்று நாம் மயங்குகிறோம்.

கணினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் இந்தியாவில் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கி, புதிய நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் இறுதியில் அதனை நிறுத்திவிட்டது. ஆயினும் தட்டச்சுத் தேர்வு நிற்கவில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடங்கள் இருப்பதால், பயிலகங்களில் பழைய இரும்புப் பொறிகள் இன்னும் ஒலிக்கின்றன. உதிரி உறுப்புக்களை ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் பொருத்தி ஓட்டுகிறார்கள். விசைப்பலகைகளும் பலவாயின. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் 'தமிழ் 99' அமைப்பு வந்தது. 2010-இல் ஒருங்குறியை அரசு ஏற்றது. 'ய, ள, ன, க' பயின்ற விரல்களோ பழைய வழியை எளிதில் மறப்பதில்லை. பழைய தட்டச்சு அமைப்பையும் கணினியில் வைத்துக்கொண்டு வேலை செய்பவர் பலர்.

முன்னாளில் தட்டச்சரின் வேலை பிறர் எழுதியதைப் படியெடுப்பது. இ-சேவை மையத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணின் வேலையோ அதனினும் விரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் வாய்மொழியாகக் கூறுவதைக் கேட்டு, எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று அவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வருமானச் சான்றோ, வாரிசுச் சான்றோ, முதல் எழுத்து முதல் அவர் பொறுப்பு. பின்னால் வரிசையில் இருபது பேர் நிற்க, இணைப்பு அறுந்து அறுந்து வர, அவர் பொறுமையிழக்காமல், "பாட்டி, உங்க அப்பா பேரு 'ல'னாவா 'ள'னாவா?" என்று கேட்கிறார். அந்த ஒரு வினாவுக்காகவே அவருக்கு நாம் நன்றி சொல்லலாம். ஊதியம் அந்த நன்றிக்கு ஏற்றதாக இருப்பதில்லை என்பது வேறு.

எனவே மகளைத் தட்டச்சு வகுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோர்க்கு நம் விடை: அனுப்புங்கள், ஆனால் வேகத்தை மட்டும் கேட்டு மகிழாதீர்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பயிலட்டும். இலக்கணப் பிழை காணும் கண் பெறட்டும். அதே மூச்சில் கணினியும் கற்கட்டும். அலுவலகத் தானியக்கம் எனக் கணினிக்கென அமைந்த அரசுச் சான்றிதழ்த் தேர்வும் உண்டு. மணிக்கட்டு மேசையில் அழுந்தாமல், முதுகு நிமிர்ந்து அமரும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பழக்குங்கள். பத்து ஆண்டு கழித்து வரும் வலியை அப்போது மருந்தால் தீர்ப்பது அரிது. நான்காம் தொகுதித் தேர்வில் இடம் கிடைக்காது போனால் என்ன செய்வது என்பதையும் முன்னரே பேசி வையுங்கள்; எழுதுவோர் பல இலட்சம், இடங்கள் சில ஆயிரம்.

மாலையில் சென்னை வண்டிக்கு நேரமாகும்போது நகல் கடைக்காரருக்கு ஓய்வு ஏது? கோப்புறையுடன் ஓடிவரும் இளைஞன், "அண்ணா, சீக்கிரம்" என்கிறான். நான்கு சான்றிதழ்கள், இரண்டிரண்டு படிகள். படிகளை எண்ணிக் கொடுத்துச் சில்லறையும் தந்து அனுப்பிய பின், கடைக்காரர் பழக்கத்தினால் பொறியின் மூடியை ஒருமுறை தூக்கிப் பார்க்கிறார். கண்ணாடிமேல் கவிழ்ந்து கிடக்கிறது பையனின் மாற்றுச் சான்றிதழ். "தம்பி!" என்று கூவிக்கொண்டு, கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அதை எடுத்துக்கொண்டு நிலையத்தை நோக்கி ஓடுகிறார்.